இழுத்தால் கிழிய வேண்டிய ரவிக்கை

12.3.98, வியாழன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். சினிமாக்காரர்கள் உத்திரமேரூரை விட்டுப் போகிற பாடில்லை. உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஒளிந்து போராடும் கூட்டத்தின் கதையாம். துணியெல்லாம் என் தையல் கடைக்கு. கதர் ஜிப்பா, காக்கி நிஜார், மறுபடி கதர் ஜிப்பா.

என்னைப் பெற்ற அத்தாவை அவருடைய மளிகைக் கடையிலிருந்து கூட்டிப் போனார்கள், முஸ்லிம் வேஷத்துக்கு. ஐந்து வேளை தொழுகிற மனுஷனைப் பார்த்து டைரக்டர் (இனி டை., முழுசாக எழுதக் கை கூசுகிறது), "பெரியவரே, உங்களப் பாத்தா முஸ்லிம் மாதிரியே தெரியலையே" என்றாராம். ஒட்டுத்தாடி, கண்ணுக்குச் சுருமா, பச்சை லுங்கி. கதையில் முதல் குண்டே அவருக்குத்தான். தாடி ஒட்டிய இடமெல்லாம் தடித்துப்போய் வந்தார். தேங்காய் எண்ணெய் தடவினேன்.

"எல்லா மதமும் கீதுன்னு காட்டணுமாம்மா."

காட்டின லட்சணம்.

13.3, வெள்ளி

மேரி வந்தாள். காலனிப் பெண், நாற்று நடப் போவாள், வேலை இல்லாத நாளில் என்னிடம் தையல் பழகுகிறாள். ஒளிந்திருக்கும் கூட்டத்துக்குச் சேதியை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிற பெண் வேஷம் அவளுக்கு. வசனமும் உண்டாம். ஒரே குதி. "யக்கா, சர்ச்சு ஜனம் மொத்தமும் தியேட்டருக்கு வரும்!"

ஆனால் கழுத்துச் சிலுவையைக் கழற்றச் சொல்லிப் பொட்டு வைத்துவிட்டார்கள். கிறிஸ்தவப் பெண்ணாக நடிக்கச் சென்னையிலிருந்து சிவப்பாக ஒருத்தி, கவுன் போட்டு. மேரியைப் பார்த்தால் கிறிஸ்தவப் பெண் மாதிரி இல்லையாம். கதாநாயகிக்கோ, கிராமத்துப் பெண் ஆக்க, முகமெல்லாம் கறுப்பு மை. தூ.

14.3, சனி

மதியம் வரை கரண்ட் இல்லை. கறுப்பு நூல் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

துணிமணி பார்க்கிற ஆள் ரவிக்கைத் துணி கொண்டுவந்தான். "தோள்பட்டையில லேசா நூல் ஓட்டினா போதும்மா. இழுத்தா கையோட வரணும்." எதற்கென்றேன். போலீஸ்காரன் கெடுக்கிற காட்சி. அதைப் பார்த்துத்தான் ஹீரோவுக்கு ரத்தம் கொதிக்குமாம். நாட்டையே பிடித்துவைத்திருக்கிறான் வெள்ளைக்காரன், இவனுக்குக் கோபம் வர அது போதாதா?

அளவைப் பார்த்தேன். மேரியின் அளவு.

அவளிடம் ஓடினேன். "வெறும்ன ஓடணும்னுதான சொன்னாங்க" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் ஓரிக்கை. படம் வந்தால் முதலில் போய்ப் பார்ப்பது அவன் வீட்டார்தான். மாட்டேன் என்று சொல்லிவிடு என்றேன். வசனம் போய்விடுமே என்று அழுகை. எனக்கு எரிச்சல், பாவமாகவும் இருந்தது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு,

"நீ கெட்டியா தச்சுடு யக்கா."

இரட்டைத் தையல். உள்ளே கெட்டித் துணியில் பட்டை.

15.3, ஞாயிறு

மேரி சர்ச்சுக்குப் போகவில்லை, ஷூட்டிங். கடையைச் சாத்திவிட்டு நானும் போய் வயலோரம் நின்றேன்.

போலீஸ் வேஷக்காரன் இழுத்தான். கிழியவில்லை. மறுபடி. அவன் நகம்தான் பெயர்ந்தது. வேடிக்கை பார்த்த ஜனம் சிரித்தது. பக்கத்தில் யாரோ, "இன்னா பேஜாரு, ஒரு துணிய கிழிக்கத் தெரியல." டை. குடையைத் தூக்கி எறிந்தார். "சரி, கிழிக்க வேணாம்! தொட்டுட்டான், அது போதும். மானம் போச்சுன்னு கிணத்துல குதிச்சிடும்மா."

அவ்வளவுதான். இவர்கள் கதையில் வயசுப் பெண் ஒன்று கெட வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். அவள் கொண்டுபோன சேதி போய்ச் சேர்ந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மேரி குதித்தாள். கேமரா தண்ணீரையே பார்த்தது. ஹீரோ கண்ணில் கிளிசரின். அவள் நாலு கை போட்டு நீந்தி, படியைப் பிடித்து ஏறி வந்துவிட்டாள்.

"ஏம்மா, நீ செத்துட்ட! மேல வராத!"

"நான் இன்னாத்துக்கு சார் சாவணும்? இழுத்தது அவன். அவன குதிக்கச் சொல்லு."