லோரி போய்ச் சேராத ஞாயிறு

மிஸி,

இன்று ரிங்லெட் கிளினிக்கில் ஊசி போடுவதற்கு முன் தாதி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையில் தேய்த்தாள். அந்த வாசத்தில் நீங்கள் வந்துவிட்டீர்கள். ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு மேசையில் பகடையை உருட்டும்போது உங்கள் விரல்களில் அதே வாசம்தான் இருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நீங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தாதி, நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. ஏறக்குறைய ஒரே வயது என்றாலும் 'மிஸி', 'டீச்சர்' என்றுதான் அழைத்துக்கொள்வோம். பினாங்கில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது புது மாதிரி விளையாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தான். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக இருந்து அடுத்து என்ன செய்வதென்று சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அதைப் பார்த்து நானே ஒன்று உருவாக்கினேன்: காணாமல் போன பசுவைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர்களின் கதை. ஆட வந்தவர்கள் நீங்களும், லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணனும், அவர் மனைவி லெட்சுமியும்.

பாதி ஆட்டத்திலேயே நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

"டீச்சர், நாங்க எந்தப் பக்கம் போனாலும் நீங்க யோசிச்சு வச்ச குகைக்குத்தான் கொண்டு போறீங்க. அப்புறம் நாங்க எதுக்கு லா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. சில நாள் உங்களிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்துக் குகையை எடுத்துவிட்டேன். விளையாட்டுக்கு உயிர் வந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. பிரசவ வலியில் துடித்த பெண்ணை முனியாண்டி அண்ணன் லோரியில் ஏற்றிக்கொண்டு தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பின்னால் நீங்கள் அவளோடு இருந்தீர்கள். வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டது. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அதன்பிறகு அண்ணன் அந்தப் பாதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீங்களும்தான்.

கொஞ்ச காலம் கழித்து நீங்களே ஒரு விளையாட்டை உருவாக்கி எனக்கு மட்டும் ஆடிக் காட்டினீர்கள். மழை, மலைப்பாதை, லோரியில் ஒரு தாய். "ரொம்ப நல்லா இருக்கு மிஸி" என்றேன்.

"அன்னிக்கு குகையைப் பத்தி நான் உங்ககிட்ட உண்மையைச் சொன்னேன். நீங்க எனக்கு மரியாதை பண்றீங்க" என்றீர்கள்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பகடை எப்படி விழுந்தாலும் லோரி போய்ச் சேர்ந்துடுது மிஸி. இதுல யாரும் தோக்கவே முடியாது."

"தெரிஞ்சுதான் செஞ்சேன். அண்ணன் இன்னொரு தடவை தோக்கணுமா?"



அடுத்த ஞாயிறு நால்வரும் ஆடினோம். அண்ணன்தான் டிரைவர். பகடை தொடர்ந்து மோசமாகவே விழுந்தது. ஆனாலும் லோரி நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் பகடையை மேசையில் வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார்.

"எனக்காகவா மிஸி?"

நீங்கள் தலையசைத்தீர்கள்.

"சரியா ஆடலாம் லா. தோத்தா தோத்துட்டுப் போறேன்."

முதலிலிருந்து ஆடினோம். பகடை சொன்னபடியே எல்லாம் நடந்தது. லோரி போய்ச் சேரவில்லை. லெட்சுமி அவர் தோளில் கை வைத்தாள். நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: "விளையாட்டு எப்படிண்ணே? சரியில்லாததைச் சொல்லுங்க."

"மண்ணு சரியறப்போ பெரிய சத்தம் வரும்னு சொன்னீங்க. அப்படி இல்ல மிஸி. நீங்க பின்னால இருந்தீங்க, பாத்திருக்க மாட்டீங்க. முதல்ல மரமெல்லாம் மெதுவா சாஞ்சிச்சு. சத்தமே இல்ல."

"அப்புறம்?"

அவர் சொன்னார். முதல் தடவையாக, அந்த நாள் முழுவதையும். அது உங்கள் தலையிலும் விடிந்த நாள்தான். ஆனாலும் 'நானும்தான் இருந்தேன்' என்று நீங்கள் குறுக்கே பேசவில்லை, உங்கள் விளையாட்டுக்காக வாதாடவும் இல்லை. அவர் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டீர்கள். கண்கள் மட்டும் நிறைந்திருந்தன.

இப்போது நான் எழுதும் கதைகளில் யாராவது குறை சொன்னால், இந்த வயதிலும் மறுத்துப் பேசத்தான் முதலில் தோன்றுகிறது மிஸி. அதை விழுங்கிவிட்டு, "அப்புறம்?" என்று கேட்கிறேன்.