துணைக் கேள்விகள்

ஜனவரி 12

என் அருமைப் பூட்டுக்கு,

நீ நலமா என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று ஒரே சொல்லில் முடிப்பாய். அதனால் கேட்கவில்லை. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரோடு போனில் பேசினால் உன் உத்தியோகத்துக்கு ஆகாது என்று நீ போட்ட சட்டத்தால், ஐம்பதை நெருங்குகிற வயதில் பழைய தோழிக்குக் காதல் கடிதம் எழுதுகிறவள் போல உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு, அந்த ஓய்வூதியப் பிரிவு அம்மாவுக்கா? உன் தமிழைப் படிச்சே அவங்களுக்கு ஓய்வு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

நேற்று கேள்வி நேரத்தில் மறுபடியும் மூக்குடைபட்டேன். எங்கள் தொகுதிப் பாலம்தான். முதல் கேள்வியை முன்னதாகவே எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு அமைச்சர் எழுதி வைத்துப் படிக்கட்டும், அது முறை. அதன் பிறகு நின்ற இடத்திலேயே கேட்கிற துணைக் கேள்வி இருக்கிறதே, அதற்குமா? "போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு?" என்றேன். மனிதர் தாளைப் புரட்டி, விரலை வைத்து, படித்துவிட்டார். பாலம் ஆடுகிறது என்று பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தே கடந்த கர்ப்பிணி ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். உடனே அவர், "உறுப்பினர் இப்ப யாராவது ஒரு அம்மா கதையை எடுப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன், எடுத்துட்டாங்க" என்கிறார். எங்கள் வரிசையிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். அவைக்குறிப்பில் என் பேச்சுக்குக் கீழே "(சிரிப்பு)" என்று அச்சாகியிருக்கிறது. எட்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியதற்கு நாளைக்கு மிஞ்சப்போவது அந்த அடைப்புக்குறிதான் போல.

இது முதல் தடவை இல்லை. யாரோ என் கேள்விகளை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நான் கேட்பதற்கு முன்னால் அவற்றை அறிந்தவர் ஒரே ஒருவர், எனக்குச் செயலாளராக இருக்கிற என் கொழுந்தன். பேசிப் பார்ப்பதும் குறித்து வைப்பதும் அவரோடுதான். எழுதவே கை கூசுகிறது. நீ என்ன நினைக்கிறாய்?

உன்
தண்டோரா


ஜனவரி 19

அன்புள்ள தண்டோராவுக்கு,

இருக்கிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் ஒரு வாரமாக "நாளைக்கு" என்கிறார். அமைச்சராகும் தகுதி முழுதும் உள்ள மனிதர். மகள் விடுதியிலிருந்து வந்து, என் புடவைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். என் வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காகிதம் வருகிறது, காகிதம் போகிறது.

கொழுந்தன் விஷயத்தில் அவசரப்படாதே. அமைச்சர் கையில் பதில் இருந்தது என்பது உண்மை. யாரோ திருடிக் கொடுத்தார்கள் என்பது அதற்கு நீ சொல்லும் விளக்கம். இரண்டும் ஒன்றல்ல. நீ பேசியதெல்லாம் அச்சில் இருக்கிறது. அதைப் பொறுமையாகப் படிக்கிற ஒருவர் எங்காவது உட்கார்ந்திருக்கலாம். அந்த மனிதர் உனக்காகத் தேர்தல்தோறும் செருப்புத் தேய நடந்தவர் என்று நீதான் எழுதியிருக்கிறாய். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்காதே. திறந்தால் உனக்கு மூடத் தெரியாது.

இந்தப் பத்தியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இன்னும் சரியாக வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

பூட்டு


பிப்ரவரி 2

பூட்டு,

ஆதாரம் தேடு என்றாய். தேடினேன். கிடைத்துவிட்டது.

பொறி வைத்தேன். கொழுந்தனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவை கணக்கும் வேண்டாம், கதையும் வேண்டாம். பாலத்துக்குப் பொறுப்பான பொறியாளரை எத்தனை தடவை மாத்தினாங்கன்னு கேக்கப்போறேன்" என்றேன். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. எழுந்து கேட்டேன். அமைச்சர் தாளைப் புரட்டினார். விரலை வைத்தார். படித்துவிட்டார்.

அன்று மாலையே கட்சிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். உடனே அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் கட்சிப் பத்திரிகையில் அவர் படத்தைப் போட்டு "கூட இருந்தே குழி பறித்தவர்" என்று எழுதியிருந்தார்கள். படம் எங்கள் வீட்டு விசேஷத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள்.

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இத்தனை வருஷமா வீடு வீடாப் போய்ச் சொன்னவன் நான்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வெளியே தலை காட்டவில்லை. முடிவெட்டுகிற கடையில்கூட "வாங்க துரோகி" என்றானாம் ஒருவன். ஓரகத்தி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். "வேண்டாங்கா, அப்புறம் எதையாவது எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்வீங்க" என்றாள். என் வீட்டுக்காரர் பல் டாக்டர். ஊராரை வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லியே பிழைக்கிறவர், இப்போது என்னிடம் தன் வாயைத் திறப்பதில்லை.

நான் செய்தது சரிதானே? சரி என்று ஒரு சொல் எழுது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்துகொண்டே இருக்கிறேன்.

தண்டோரா


பிப்ரவரி 8

அன்புள்ள தண்டோராவுக்கு,

சரி இல்லை. உன் கொழுந்தன் எதுவும் செய்யவில்லை. செய்தது நான்.

இரண்டு ஆண்டுக்கு முன் என்னை ஓய்வூதியப் பிரிவிலிருந்து, நீ கேள்வி கேட்கிற அதே அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். அங்கே நாடாளுமன்றப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஓர் உறுப்பினரின் கேள்வி வந்ததும், அவர் எழுந்து அடுத்து என்னென்ன கேட்கக்கூடும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி, அமைச்சரின் கோப்பில் வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. வேலையைப் பற்றி வெளியே பேசக் கூடாது. உன்னிடம் பேசவில்லை.

யாரும் எதையும் கொண்டுவந்து தரவில்லை. உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். முதலில் செலவுக் கணக்கு கேட்பாய். பிறகு யாராவது ஒரு பெண்ணின் கதை சொல்வாய். இரண்டிலும் அடிபட்டால் அதிகாரிகளின் இடமாற்றத்துக்குப் போவாய். மருத்துவமனை விவாதத்திலும் பள்ளிக்கூட விவாதத்திலும் அப்படித்தான் போனாய். இந்த முறை அடிபட்டு வருகிறாய் என்பதால் இடமாற்றத்தை முதலில் எழுதினேன். உன் பொறி என் கணக்கில் வந்து விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம்கூட எது என்று எனக்குத் தெளிவாக இல்லை. நான் என் வேலையைச் செய்தேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். நீ எழுந்தால் பிரிவில் எல்லாரும் டிவி முன்னால் கூடுவார்கள். என் பட்டியலில் உள்ள கேள்வி உன் வாயிலிருந்து வந்ததும் பியூன் கை தட்டுவார். "மேடம், ஜோசியம் பாக்கலாம் நீங்க" என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ ஜனவரியில் எழுதியபோதே சொல்லியிருக்கலாம். சுற்றி வளைத்து எழுதினேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

பூட்டு


பிப்ரவரி 13

இரண்டு வருடம். இரண்டு வருடமாக உன் மகளின் காய்ச்சலுக்கு நான் கவலைப்பட்டுக் கடிதம் எழுதுகிறேன், நீ என்னைப் பிரித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். கணக்கு, கதை, இடமாற்றம். அவ்வளவுதானா நான்? ஒரு மனுஷியை மூன்று வரியில் முடித்துவிட்டாயே.

கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். "யாருன்னு தெரிஞ்சிடுச்சா அண்ணி?" என்றார். தெரிந்துவிட்டது, சொல்ல முடியாது என்றேன். சிரித்தார். "வீட்டுக்குள்ள மன்னிப்பு கேக்கறீங்க. பட்டம் கட்டினது மேடையில இல்லையா?" என்றார். ஓரகத்தி உள்ளேயிருந்து, "அவங்க சொல்ல மாட்டாங்க, விடுங்க. காபி வேணுமான்னு கேளுங்க" என்றாள். என் எதிரில் உட்கார்ந்து என்னைப் பற்றி "அவங்க" என்றாள்.

அவர் பெயரைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரே வழி. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, உன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லட்டுமா? கேட்காமலே சொல்லியிருப்பேன். ஏனோ கேட்கிறேன்.


பிப்ரவரி 18

அன்புள்ள தண்டோராவுக்கு,

சொல்லாதே.

எதிர்க்கட்சி உறுப்பினரோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து என்பார்கள். இத்தனை கடிதங்களில் நான் குழாயையும் பிளம்பரையும் தவிர வேறெதுவும் எழுதியதில்லை என்று யார் நம்புவார்கள்? நானே விசாரணை அதிகாரியாக இருந்தால் நம்ப மாட்டேன். போன கடிதம் ஒன்று போதும் என்னை வீட்டுக்கு அனுப்ப. மகள் படிப்பு முடிய இன்னும் இருக்கிறது. எனக்கு வேறு வருமானமும் இல்லை, வேறு வேலையும் தெரியாது.

வேறு வழி யோசி. நானும் யோசிக்கிறேன்.

பூட்டு


பிப்ரவரி 21

சொல்.

மூன்று நாளாக யோசித்தேன். வேறு வழி எதுவும் வரவில்லை. பிரிவில் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், நடைபாதையில் நின்றால் திரும்பி வருகிறேன். உன் ஓரகத்தி வாசலில் நின்றதைத்தான் நினைக்கிறேன். நான் பார்த்ததுகூட இல்லாத ஒரு பெண்.

என் முழுப் பெயரை நீ மறந்திருப்பாய். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.


மார்ச் 5

என் பூட்டுக்கு,

சொல்லவில்லை. பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

அவையில் தன்னிலை விளக்கம் என்று ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். உறுப்பினர் தன்னைப் பற்றிய தவறான கருத்தை எழுந்து திருத்தலாம். குறுக்கே யாரும் பேசக் கூடாது. பெரும்பாலும் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மழுப்பத்தான் எழுவார்கள். நேற்று நான் எழுந்தேன். அவைக்குறிப்பு உன் மேசைக்கு வந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன்.

"அவைத் தலைவர் அவர்களே, என் கேள்விகளை என் செயலாளர் அமைச்சருக்குக் கொடுத்தார் என்று நான் பொதுவில் சொன்னேன். அது பொய். அவர் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இல்லை. எட்டு ஆண்டு அவைக்குறிப்பை எடுத்துப் படித்தேன். முதலில் கணக்கு கேட்கிறேன், பிறகு ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன், பிறகு இடமாற்றத்துக்குப் போகிறேன். எதைப் பற்றிப் பேசினாலும் இப்படித்தான். என்னை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் ஒரே மாதிரி இருந்திருக்கிறேன். அந்த மனிதரிடம் இந்த அவையில் மன்னிப்புக் கேட்கிறேன்."

அமைச்சர் வரிசையில் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எங்கள் கட்சிக் கொறடா தலையில் கை வைத்துக்கொண்டார். அடைப்புக்குறி இந்தத் தடவை மூன்று இடத்தில் விழுந்திருக்கிறது, எண்ணிக்கொள். கொழுந்தன் பார்வையாளர் மாடத்தில் இருந்தார். வெளியே வந்ததும், "அண்ணி, உங்களையே கொஞ்சம் கம்மியாத் திட்டிக்கிட்டிருக்கலாம்" என்றார். வேலைக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். ஓரகத்தியும் வருகிறாள். பாதி நாள் என்னிடம் பேசுகிறாள்.

பழைய அவைக்குறிப்புகளைப் படித்துப் பார்த்தபோதே உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. நீ போட்ட பட்டியல் சரிதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் என்ன நினைக்கிறேன், எதற்கு அழுகிறேன், எதைக் கண்டு கொதிக்கிறேன் என்பதெல்லாம் மாதம் இரண்டு தடவை உனக்கு எழுதி அனுப்புகிறவள் நான். நீ அந்த நாற்காலியில் இருக்கும்வரை என்னால் இனி அனுப்ப முடியாது. நீ வேலையை விட வேண்டாம். எனக்காகத் தப்பாகவும் செய்யாதே, அது எனக்கு அவமானம். நீ உன் வேலையைச் செய். நான் உனக்குத் தெரியாதவளாக ஆகிவிடுகிறேன். வேறு வழி எனக்கும் வரவில்லை.

மகளுக்கு என் அன்பு.

தண்டோரா


ஜூலை 24

அன்புள்ள தண்டோராவுக்கு,

எழுதக் கூடாது என்று தெரியும். இது ஒன்றுதான். பதில் வேண்டாம்.

இந்தக் கூட்டத் தொடரில் உன் கேள்வி மறுபடி பாலம்தான் என்று பார்த்ததும், எப்போதும் போல உட்கார்ந்தேன். உன் பேச்சுகளை எல்லாம் மறுபடி படித்தேன். மனசாட்சிப்படி எழுதினேன், நீ சொன்னபடி, குறைக்கவில்லை. ஆறு கேள்விகள். கணக்கை நீ விடுவாய் என்று நினைத்தேன், ஆனாலும் வைத்தேன். கோபமாக ஆரம்பிப்பாய் என்று வைத்தேன். மார்ச்சில் நடந்ததைக் குத்திக் காட்டுவாய் என்றும் வைத்தேன். பியூன் வழக்கம்போல டிவியைச் சத்தமாக வைத்தார்.

நீ எழுந்தாய். குரலை உயர்த்தவில்லை. "ஆய்வு முடிந்தது என்று அமைச்சர் சொல்கிறார். ஆய்வு செய்தவர்கள் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தார்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாய்.

அமைச்சர் தாளைப் புரட்டினார். மறுபக்கமும் புரட்டினார். பின்னால் இருந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "தகவல் திரட்டித் தரப்படும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு இங்கே நடந்ததை நான் எழுதக் கூடாது. நீ விட மாட்டாய், கேட்டுத் தெரிந்துகொள்வாய்.

டிவியில் உன் முகத்தைக் காட்டினார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாய். யார் இந்த அம்மாள், இவ்வளவு நிதானமாக இருக்கிறாளே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மாலையில் மேலதிகாரி கூப்பிட்டார். "உங்களுக்குத்தான் அவங்க அத்துப்படின்னு சொல்வாங்களே. இது வரும்னு எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

"எனக்கு அவங்களைத் தெரியாது சார்" என்றேன்.

பூட்டு