மெழுகுப் பேணி

பெப்ரவரி 22, சனி

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காகக் கூட்டமாட்டேன், வெட்கத்துக்காகக் குறைக்கமாட்டேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் தம்பி ஸ்ரிபன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இப்போதும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து "வா ஸ்க்றீவர் டு?" என்று டேனிஷில் கேட்கிறான். என்ன எழுதுகிறேனாம். "உன்னைப் பற்றித்தான்" என்றேன். பயந்து போய்விட்டான். இது பொய். முதல் நாளே ஒன்று.

சனிக்கிழமைகளில் நான் கராஜில் அப்பாவுக்கு உதவி. அப்பா கிழமை நாட்களில் காற்றாலைத் தொழிற்சாலையில் இறகு செய்கிறார். வேட்டைக்காலத்துக்கான தோட்டாக்களைத் தானே நிரப்புவார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோது வெடிக்கும்போது கொஞ்சம் ஊதிவிடும். அதை இரும்பு அச்சுக்குள் நெம்புகோலால் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் திரும்பவும் நிரப்பலாம். அச்சுக்குள் போகுமுன் கோதுக்கு மெழுகு பூச வேண்டும். அதுதான் என் வேலை. அது மட்டும்தான். வெடிமருந்து அலுமாரியின் திறப்பு அப்பாவிடம். பொலிஸ் அனுமதியும் அவர் பெயரில்தான்.

பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெழுகை இலேசாகத் தொட்டு, கோதை விரல்களுக்கிடையில் உருட்டுவேன். மெழுகு கூடினால் கோதின் தோளில் பள்ளம் விழும். குறைந்தால் அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். இன்று அப்பா சொன்னார்: "உன்ர விரல் அளவு தெரிஞ்ச விரல், பிள்ளை." அந்த வசனத்தை எங்காவது எழுதி வைக்கத்தான் இந்தக் கொப்பியையே தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

அம்மா கராஜுக்குள் வரமாட்டார். "ஊரில உந்த வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்திருந்து உங்கட கொப்பர் அதையே செய்து அடுக்கிறார்" என்பார்.

அச்சு, குருசு மாமா தந்தது. முழுப்பெயர் குருசுமுத்து. அப்பாவின் கூட்டாளி, ஸ்கீவ என்ற ஊரில் இருக்கிறார். அப்பாவை வேட்டைக்கு இழுத்தவரும் அவர்தான். வேறு அளவு வேட்டைத் துவக்கு வாங்கியபோது தன் அச்சை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். மே 16ஆம் திகதி கிடாய் மான் வேட்டை தொடங்கும். அந்த விடியலில் இருவரும் ஒன்றாகப் போவார்கள். கிடைக்கும் மானில் ஒரு தொடை எங்கள் ஃபிறீசரில் கிடக்கும். அடுத்த வருஷம் தவக்காலம் முடிய, உயிர்த்த ஞாயிறன்று இரண்டு குடும்பமும் கூடி அதைக் கறி வைப்போம்.

மார்ச் 1, சனி

இன்று விசேஷமாக ஒன்றும் இல்லை. மழை.

மார்ச் 3, திங்கள்

முந்தாநாள் எழுதியதில் மழை மட்டும்தான் உண்மை.

அப்பா ஓவர்டைம் போயிருந்தார். தட்டில் இருக்கும் கோதுகளைத் துடைத்து வைக்கச் சொன்னார். கராஜில் கடும் குளிர், மெழுகு கல்லாகிக் கிடந்தது. இளகட்டும் என்று மெழுகு இருந்த தகரப் பேணியை ஹீட்டரின் மேல் வைத்தேன். பிறகு நூலகப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கம்தான் என்று நினைத்தேன். அத்தியாயமே முடிந்துவிட்டது. எழும்பும்போது முழங்கை பட்டது. பேணி கவிழ்ந்தது. மெழுகு முழுவதும் தண்ணீராகி ஹீட்டருக்குப் பின்னால், சீமெந்தில். வழித்தெடுத்தது ஒரு கரண்டிகூட வராது.

சொல்லியிருக்கலாம். அப்பா அடிக்கிறவர் இல்லை. ஆனால் கராஜுக்குள் புத்தகம் கொண்டுவராதே என்று முன்பே சொல்லியிருந்தார். விரலைப் பற்றிச் சொன்ன வசனத்தைத் திரும்ப எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அதனால் அம்மாவின் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்தேன். பேணியில் ஊற்றினேன், எஞ்சிய மெழுகைக் கலந்தேன், ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மிச்ச வேலையைக் குளிர் பார்த்துக்கொண்டது. வெள்ளையாக, மங்கலாக, அசல் மெழுகு மாதிரியே உறைந்துவிட்டது. மெழுகு ஆட்டு ரோமத்தின் கொழுப்பு. இது தேங்காயின் கொழுப்பு. கொழுப்பு கொழுப்புதானே? — கண்டதையெல்லாம் தேடி வாசிக்கிறவள், இதை மட்டும் தேடவில்லை. மணம்? என் தலையில் எப்போதும் அந்த மணம்தான். யார் கண்டுபிடிப்பார்கள்?

மார்ச் 5, விபூதிப் புதன்

தவக்காலத்துக்கு எதை விடப்போகிறாய் என்று அம்மா கேட்டார். சொக்லேட் என்றேன்.

மார்ச் 8, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

நான் பூசிக் கொடுத்தேன், அப்பா நெம்பினார். முதல் கோது கிறீச்சிட்டது. எண்ணெய் என் விரல் சூட்டிலேயே உருகி ஓடுவதைக் கண்டேன். கண்டுகொண்டே அடுத்ததை நீட்டினேன். அது உள்ளே போனது. வெளியே வரவில்லை. அப்பா நெம்புகோலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு முழுப் பலத்தோடும் தூக்கினார். டக்கென்று ஒரு சத்தம். கோதின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. மிச்சம் அச்சுக்குள் இறுகிவிட்டது.

"பிள்ளை, வடிவாப் பூசினனியோ?"

"ஓம் அப்பா."

"சுத்திவரப் பூசினனி?"

"ஓம். எப்பவும் போலத்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். அதில் சந்தேகமே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ? தெரியாது. "அப்ப உன்ர பிழை இல்லை" என்றார். அச்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "உள்ளுக்குக் கீறல் விழுந்திருக்குப் போல. குருசு தெரிஞ்சுகொண்டுதான் என்ர தலையில கட்டினவனோ?"

நான் பேணியை மூடினேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலால் வந்ததும் அப்பா குருசு மாமாவுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்தார்.

"டேய் குருசு, நீ தந்த அச்சு பழுதடா."

"விசர்க்கதை கதையாதை நிக்கி. எத்தினை வருஷம் பாவிச்சனான். நீ மெழுகில கஞ்சத்தனம் காட்டியிருப்பாய்."

"பூசினது என்ர மகள். அவள் பிழை விடமாட்டாள்."

"அப்ப நான் பிழை விடுறவன். பழுதுச் சாமானைக் கூட்டாளிக்குத் தள்ளிவிடுறவன். என்ன?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"வேறெப்பிடிச் சொன்னனி? சரி, மிஸ்டர் நீக்கிலாஸ். வைக்கிறன்."

குசினியில் இருந்து அம்மா, "ஒரு இரும்புத் துண்டுக்கு ரெண்டு கிழடுகளும் சண்டை" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் பிழை விடமாட்டாள். அவள் பிழை விடமாட்டாள்.

மார்ச் 10, திங்கள்

பேணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். காய்ந்த பிறகு திரும்பவும் கழுவினேன்.

மார்ச் 29, சனி

சனி பின்னேரங்களில் குருசு மாமா போன் எடுப்பார். காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார். ஸ்கீவவில் அடிக்கிற காற்றுக்கும் எங்கள் பிராண்டேயில் அடிக்கிற காற்றுக்கும் ஏதோ தான்தான் பொறுப்பு என்பது போலக் கதைப்பார். இப்போது போன் அடிப்பதில்லை. அப்பா அந்த நேரத்துக்குக் காரைக் கழுவுகிறார். மழையிலும் கழுவுகிறார்.

சொல்லு சொல்லு என்று ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்கிறேன். நாள் போகப் போக ஒரு பிழை இரண்டாகிறது. ஏன் செய்தாய் என்பது ஒன்று. ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்பது மற்றது. 

ஏப்ரல் 12, சனி

ஹேர்னிங் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு முன் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். வரிசையில் எனக்குப் பின்னால் அப்பா நின்றார். உள்ளே போய், "தம்பியோட சண்டை பிடிச்சன், செபம் சொல்ல மறந்தன், பொய் சொன்னன், அம்மாவுக்கு எதிர்த்துக் கதைச்சன்" என்றேன். பொய்யை நடுவில் ஒளித்து வைத்தேன், கசப்பு மருந்தை வாழைப்பழத்துக்குள் வைப்பது போல. சுவாமி எந்தப் பொய் என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் அத்தனை வேகமாகச் சொன்னேன்.

வெளியே வந்தபோது அப்பா என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். கனநேரம் நின்றார். அவருக்கு என்ன பாவம் இருக்கப்போகிறது? குருசு மாமாவோடு கோபம் என்று சொல்லியிருப்பார். என் பாவத்தை அப்பா சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

அம்மா மான் தொடையைக் கறி வைத்தார். பழக்கத்தில் இரண்டு குடும்பத்துக்குமாகச் சாப்பாட்டுக் கோப்பை வைத்துவிட்டு, பிறகு மேலதிகமானவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினார். ஸ்ரிபன், "குருசு ஒன்கெல் எங்க?" என்று கேட்டான்.  அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது" என்று எழும்பினார். உப்புக் காணும், அளவாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 26, சனி

இன்று சொன்னேன்.

அப்பா அச்சைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். குருசு மாமாவுக்குத் தபாலில் திருப்பி அனுப்பப்போகிறாராம். "அவன்ர சாமான் எனக்கு வேண்டாம்" என்றார். அது போய்விட்டால் இனி ஒன்றும் இல்லை என்று எனக்கு விளங்கியது.

"அப்பா, அது மெழுகு இல்லை."

"எது?"

"நான் பூசினது. அம்மான்ர தேங்காயெண்ணெய்." எல்லாவற்றையும் சொன்னேன். ஹீட்டர், புத்தகம், போத்தல், பேணியைக் கழுவியது. தமிழ் போதாமல் நடுவில் டேனிஷில் விழுந்து, திரும்பத் தமிழுக்கு வந்தேன்.

அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலில் இருந்துவிட்டார். "நான் உன்னைக் கேட்டனான்" என்றார். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

பிறகு ஜக்கெட்டை எடுத்தார். "ஏறு காரில."

ஸ்கீவ போய்ச் சேரும்வரை றேடியோகூடப் போடவில்லை. வயல்கள் பச்சையாகத் தொடங்கியிருந்தன. குருசு மாமியின் பெயர் மேரிசெலின். கதவைத் திறந்த மாமி எங்களைக் கண்டு, "இஞ்சேருங்கோ, ஆர் வந்திருக்கினம் எண்டு வந்து பாருங்கோ" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மாமா வந்தார். கடுதாசிப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"பழுதுச் சாமானைத் தர வந்தனீங்களோ? தபாலில போட்டிருக்கலாமே, பெற்றோல் மிச்சம்."

அப்பா பொட்டலத்தை நீட்டினார். நான் சொன்னேன். இரண்டாம் முறை இலகுவாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மாமா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பின்னால் இருந்த கொட்டிலுக்குப் போனார். நாங்களும் போனோம். அச்சை மேசைப் பிடியில் இறுக்கி, கோதின் அடியில் துளை போட்டு, புரி வெட்டி, திருகாணியை முறுக்கி இழுத்தார். கோது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. மாமா அதை விரலால் தேய்த்தார், உருகியது. மணந்து பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"மேரி, இஞ்ச வா! நிக்கி தோட்டாவுக்குத் தேங்காயெண்ணெய் வைச்சுத் தலை இழுத்துப் பின்னல் கட்டியிருக்கிறான்!"

மாமி சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அழுதேன். மாமா சிரிப்பை நிறுத்தி, அச்சின் உள்ளே துணியை விட்டுத் துடைத்து, அப்பாவிடம் நீட்டினார். கீறல் ஒன்றும் இல்லை.

"பிள்ளை பயத்தில பொய் சொன்னது. பிள்ளையள் பொய் சொல்லுறதுதான். நீர் பிள்ளையைக் கேட்டீர். என்னைக் கேக்கேல்லை. பழுது எண்டு முடிவெடுத்துப்போட்டுத்தான் போன் எடுத்தனீர்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்" என்றார். எனக்காகத் தலை குனிந்தது பாதி. மற்றப் பாதி அவருடையது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்படி நினைத்து என் பாதியைக் குறைக்கப் பார்க்கிறேனோ?

தேத்தண்ணி குடித்தோம். மே 16 பற்றி யாரும் கதைக்கவில்லை.

மே 3, சனி

போன் வரவில்லை.

மே 10, சனி

ஸ்கீவவில் இருந்து ஒரு பார்சல். உள்ளே புது மெழுகுப் பேணி. மூடியில் குருசு மாமாவின் கொட்டை எழுத்து: "தலைக்கு வைக்கக் கூடாது." அம்மா வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்து, முதல் தடவையாகக் கராஜ் வாசல்வரை வந்து அதை அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா என்னைக் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கூப்பிட்டார். புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். பழையபடி விரலில் தொட்டு உருட்டினேன். உண்மையான மெழுகு விரல் சூட்டுக்கு ஓடாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் கொடுத்த ஒவ்வொரு கோதையும் அப்பா தன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குள் விட்டார். முன்பு ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

ஒன்றும் சிக்கவில்லை.

மே 15, வியாழன்

பின்னேரம் குருசு மாமா துவக்குப் பெட்டியோடும் இடியப்பப் பார்சலோடும் வந்து இறங்கினார். ஸ்ரிபனின் கட்டில் அவருக்கு, ஸ்ரிபன் என் அறையில் நிலத்தில். நாளை விடியமுன் போகிறார்கள். சாப்பிடும்போது மாமா அப்பாவை "நீர்" என்றுதான் கதைத்தார், ஊரில் புதிய ஆட்களோடு கதைப்பது போல. அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

படுக்கப் போன பிறகும் அப்பா கராஜில் எதையோ தேடி அடுக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு அப்பால் இருந்து மாமாவின் குரல் கேட்டது: "டேய் நிக்கி! காத்து மேற்கால அடிக்குது. லைற்றை நூத்துப்போட்டு வந்து படடா, மான் உனக்காகப் பாத்துக்கொண்டு நிக்காது!"

"வாறன்ரா" என்றார் அப்பா.

முதலில் கராஜ் லைற் நின்றது. பிறகு விறாந்தை லைற்.