ஆடி மாதம் முழுக்க என் மேசை லாச்சியில் கிடந்த படிவம்

அனுப்புநர்:
ப. உலகப்பன்,
திரைச்சீலைத் துணி வியாபாரம்,
காலி வீதி, வெள்ளவத்தை.
(வீடு: கொட்டாஞ்சேனை, கொழும்பு 13)

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
ஓஷன்ஹில் கம்பஸ்,
கொள்ளுப்பிட்டி.

விடயம்: என் மகள் உ. மீனாட்சி 05.09.2025 அன்று தந்த முறைப்பாட்டில் உள்ள பிழையைத் திருத்தலும், அவளுடைய வெளிக் கிரெடிட்டுகளைப் பழைய விதிப்படி ஏற்கக் கோரலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் மகள் மீனாட்சி உங்கள் கம்பஸில் வணிக முகாமைத்துவப் பட்டத்துக்குப் படிப்பவள். முன்பு அவள் படித்த நிறுவனம் அந்தப் பாடநெறியை இடையில் நிறுத்திவிட்டது. அங்கே பெற்ற 48 கிரெடிட்டை உங்களிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்துதான் இங்கே சேர்த்தோம். பகலில் கணக்காய்வு அலுவலகத்தில் பயிலுநராக வேலை. வகுப்புக்குப் போக நேரமில்லாத பத்துப் பாடங்களைத் தானே படித்து, வெளியே நேரடியாகப் பரீட்சை எழுதி இன்னும் 30 கிரெடிட் எடுத்தாள். உங்களிடம் படித்தது 42. எல்லாம் கூட்டினால் பட்டத்துக்கு வேண்டிய 120 சரியாக வரும்.

2. சேரும்போது தந்த கையேட்டில், வெளியிலிருந்து 80 கிரெடிட் வரை ஏற்கப்படும், விண்ணப்பிக்கக் கடைசித் திகதி ஒகஸ்ட் 31 என்று அச்சிட்டிருக்கிறது. ஒகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து அதை 60 ஆகக் குறைத்தீர்கள். அந்த அறிவித்தல் இணையத்தளத்தில் வந்தது ஜூலை 28. நாலு நாள் அவகாசம். கடையில் ஒரு விலையை மாற்றுவதென்றாலும் வாடிக்கையாளருக்கு இதைவிட முன்னாலேயே சொல்கிறோம் ஐயா. இதனால் 18 கிரெடிட், அதாவது அவள் கண்விழித்துப் படித்த ஆறு பாடங்கள், இல்லையென்று ஆகிவிட்டன. ஜனவரிக்குள் பட்டம் காட்டினால்தான் அவளை வேலையில் நிரந்தரமாக்குவார்கள்.

3. என் முறைப்பாடு அவ்வளவுதான். இனி எழுதுவது என் பிழை.

4. படிவத்தையும், முத்திரையிட்ட பெறுபேற்று உறைகளையும் மகள் ஜூலை 18ஆம் திகதி காலையில் என் கையில் தந்தாள். நான் தினமும் உங்கள் வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறவன். ஆனால் ஆடி பிறந்து இரண்டு நாளாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் ஆடியில் புதுக் காரியம் எதையும் தொடங்குவதில்லை. ஒரு தடவை அதை மீறி மருதானையில் கடை எடுத்தேன். எட்டு மாதத்தில் பூட்டினேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் படிவத்தைக் கடை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். ஊருக்கெல்லாம் ஆடித் தள்ளுபடி போட்டு வியாபாரம் செய்கிற அதே மேசை.

5. அன்று மாலை மகள் கேட்டபோது, "குடுத்தாச்சு" என்று சொன்னேன். ரசீது எங்கே என்றாள். அங்கே ரசீது கொடுப்பதில்லை என்றேன். இரண்டும் பொய்.

6. ஆவணி பிறந்ததும், ஒகஸ்ட் 18 திங்கட்கிழமை, படிவத்தைக் கவுண்டரில் கொடுத்தேன். அங்கிருந்த செல்வி பலீலா, விதி மாறிவிட்டது, போன மாதமே கொண்டுவந்திருக்கலாமே என்று மரியாதையாகச் சொன்னார். அன்றைய திகதியில் முத்திரை குத்தினார். அந்தத் திகதியைப் பார்த்த மகள், தகப்பன் ஜூலையில் கொடுத்ததைக் கவுண்டரில் ஒரு மாதம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு எழுதினாள். அவள் எழுதியது அவளுக்குத் தெரிந்த உண்மை.

7. தாமதம் கவுண்டரில் என்று நிரூபணமானால் பழைய விதியே பொருந்தும் என்று செப்டெம்பர் 10ஆம் திகதி பதில் அனுப்பினீர்கள். மறைக்காமல் எழுதுகிறேன். அதை வாசித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குப் பட்டம் கிடைத்துவிடும் என்பதுதான். மூன்று நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை ஏதோ விசாரிக்க வந்தபோது கவுண்டரில் வேறொருவர் இருந்தார். பலீலாவிடம் 17ஆம் திகதிக்குள் விளக்கம் கேட்டிருப்பதாகவும், அதுவரை வரவேண்டாம் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னார். தெமட்டகொடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிற பிள்ளையாம். வேலையும் இன்னும் நிரந்தரமில்லையாம். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

8. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "அந்த மிஸ் ரெண்டு தரம் சொன்னாங்கப்பா, ஜூலையில ஒண்ணும் வரலைன்னு. நான் உங்களைத்தானே நம்பினேன்" என்றாள்.

9. ஆகவே தங்களிடம் கேட்பது:

அ) செல்வி பலீலா மீதான விசாரணையை நாளைக்குள் முடித்து, அவரை அதே கவுண்டரில் மறுபடி இருத்தவும். எழுத்தில் என்ன வாக்குமூலம் வேண்டுமானாலும் தருகிறேன்.

ஆ) மகள் ஜூலை 18இல் ஒப்பமிட்ட படிவம், கையேடு சொன்ன கடைசித் திகதிக்கு முன்னரே உங்களிடம் வந்துவிட்டது. அந்தக் கையேட்டை நம்பிப் படித்தவள் என்பதற்காகவாவது 78 கிரெடிட்டையும் ஏற்கவும். இந்த நியாயம் என் பொய்யில் தங்கியிருக்கவில்லை.

இ) அது முடியாதென்றால், ஒக்டோபரில் தொடங்கும் மாலை வகுப்புகளில் ஆறு பாடங்களுக்கும் இடம் தந்து, தாமதம் மாணவியின் பிழையல்ல என்று அவளுடைய அலுவலகத்துக்கு ஒரு கடிதமாவது கொடுக்கவும்.

10. இந்த மனுவை அனுப்புமுன் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். எட்டாம் பந்தியின் முடிவில், அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். திங்கட்கிழமை காலையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்தாள்; அதை வைத்து அப்படி எழுதினேன். அந்த வரியைத் தன் பேனையால் வெட்டிவிட்டு, மற்றதெல்லாம் சரி என்று திருப்பித் தந்தாள். புதிய தாளில் எழுதியபோது நானும் அதைச் சேர்க்கவில்லை.

தங்கள் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும்,

(ஒப்பம்)
ப. உலகப்பன்

இடம்: வெள்ளவத்தை
திகதி: 16.09.2025

இணைப்பு: கையேட்டின் 14ஆம் பக்கப் பிரதி, முத்திரையிட்ட படிவத்தின் பிரதி.
பிரதி: செல்வி பலீலா, மாணவர் சேவைக் கவுண்டர்.