பன்னிரண்டு நிமிடத் தண்ணீர்

பூவரசங்குளம்
08.06.2025

அன்புள்ள மகள் தேனுகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், ஒஸ்லோவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறோம். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்பா, அதனால்தான் கடிதம்.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயே, கடலில் மூழ்கி நீந்துபவர்கள் கையில் கட்டுகிற தடித்த மணிக்கூடு ஒன்று வேண்டும். சிரிக்காதே. சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள், எனக்கு ஐம்பது நிமிடம், பிறகு பக்கத்து வயல் சிவலட்சுமிக்கு. சேற்றுக் கையால் போனை எடுக்க முடியாது. அந்த மணிக்கூட்டின் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம், அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால் எத்தனை நிமிடம் போனது என்று காட்டும். ஏற்கெனவே வவுனியாவுக்குப் போய், ஒன்றும் தெரியாமல், கைக்குப் பாரமாக இருந்த ஒன்றை வாங்கிக் கட்டியிருக்கிறேன். முந்நூறு மீற்றர் ஆழம் தாங்குமாம், எங்கள் குளம் நிரம்பினாலும் பதினைந்து அடிதான்.

போன செவ்வாய் ஒன்பது நாற்பதுக்குத் தண்ணீரைத் திறந்தேன். பத்தரைக்கு சிவலட்சுமி வரம்பில் வந்து நின்று, ஐயா, பள்ளிக்கூட மணி அடிச்சிருச்சு, எங்க வயலுக்கு விடுங்க என்றா. நான் வளையத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையை நீட்டி, இன்னும் பன்னிரண்டு நிமிசம் கிடக்கு, உனக்கு இது பார்க்கத் தெரியுமோ, தேயிலைத் தோட்டத்தில பழகின மணியில்லை இது என்றேன். வாய்க்காலுக்குப் பொறுப்பான பரமேஸ்வரன், பள்ளியில் எனக்குப் பின்னால் நின்று பதவியில் எனக்கு முன்னால் போனவன், படிச்ச மனுசன் பொய் சொல்லமாட்டார் என்று தீர்ப்பும் சொன்னான். அவன் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல சொல்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பதில் வைத்த முக்கோணம் ஐம்பத்திரண்டில் நிற்கிறது. மண்வெட்டிப் பிடி இடித்து வளையம் சுழன்றிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் சிவலட்சுமியின் தண்ணீர். அன்றிலிருந்து வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறேன். நல்ல மணிக்கூட்டில் வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் சுழலுமாம், இடிபட்டாலும் போன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. மூழ்கினவன் காற்று முடியமுன் மேலே வந்துவிடுவான். நான் என் தண்ணீரை நானே முந்தி அடைப்பேன். நட்டம் என்னோடு போகும். ஆகவே அப்படிப்பட்ட வளையம், தண்ணீர் புகாமல் திருகி இறுக்குகிற சாவிக் குமிழ், என் மெலிந்த கைக்கு நாற்பத்திரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

அங்கே வரச் சொல்கிறாய். தண்ணீர் முறை ஒன்று தவறினால் பயிர் கருகும், ஒரு போகம் விட்டால் காணியைப் பிடிக்க ஆள் வந்துவிடும். காணியைப் பார்க்க ஒருவர் வேணும் என்று சொல்லிவிட்டுத்தான் உன் சித்தப்பா கனடா போனான், இருபத்தெட்டு வருடமாக அந்த ஒருவர் நான். சாகும்வரை இதே வாய்க்கால், இதே வரம்பு, சிவலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் போக வேறு பாதையும் இல்லை.

நாளை மறுநாள் செவ்வாய். பன்னிரண்டு நிமிடம் முந்தியே அவாவின் பக்கம் திறந்துவிடப் போகிறேன். ஏன் ஐயா என்று கேட்பா. பரமேஸ்வரனும் நிற்பான். பள்ளிக்கூட மணிதான் சரி, என் மணிக்கூடு பிழை என்று அவனுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளையார் உனக்குத் துணையிருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லாதே. கடிதம் கிடைத்ததும் அம்மா இல்லாத நேரம் பார்த்து, சொன்னீங்களோ அப்பா என்று என்னைக் கேள். நீ கேட்பாய் என்று தெரிந்தால்தான் நான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. கதிர்காமநாதன்