பூசைக்கு வைத்த பிஸ்டல்

இர்விங், டெக்சாஸ்
12 ஜனவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

எழில் எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ, தம்பி செழியன், மணியன் மாமா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே என்று சிரிப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். எனக்குப் பேச்சு வருவதில்லை.

அப்பா தூங்கிய பிறகு, துணி மாட்டுகிற க்ளாசெட்டுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இங்கே விளக்குப் போட்டால் வெளிச்சம் வெளியே தெரியாது. நீ பதில் எழுதினால் நம் முகவரிக்கு அனுப்பாதே. தபால் பெட்டிச் சாவி அப்பாவிடம் இருக்கிறது. பின் பிளாக்கில் இருக்கும் சேக் தாவூத் அங்கிளின் மகள் பர்வின் என் வகுப்புதான், உனக்குத் தெரியும். அவள் பெயருக்கு அனுப்பு. யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அப்பாதான் சமைக்கிறார். ரசம் வைத்தாலும் சாம்பார் மாதிரி இருக்கிறது, சாம்பார் வைத்தால் என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை. இருந்தாலும் நான் சாப்பிட்டுவிடுகிறேன்.

நீ போனதிலிருந்து அவர் துப்பாக்கி அலமாரியைத் திறக்கவில்லை. தேடித் தேடி வாங்கிச் சேர்த்த பழைய பிரெஞ்சு போலீஸ் பிஸ்டல் பதினொன்றும் உள்ளேயே கிடக்கின்றன. முன்பு வாரம் தவறாமல் எண்ணெய் போடுவாரே, அதுவும் இல்லை. சனிக்கிழமை காலையில் சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறவர் மாதிரியே எழுந்து, ஷூ போட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்துவிடுகிறார். நானும் எங்கே போகிறோம் என்று கேட்பதில்லை. தம்பி கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்த ஓட்டையை அடைத்து வெள்ளை பூசிவிட்டார். கையால் தடவினால்தான் தெரியும்.

எழில் எட்டாம் வகுப்பை முடிக்கட்டும் என்று சொல்லி என்னை இங்கே விட்டுவிட்டுப் போனாய். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எப்போது வருவாய்? எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று இப்போது எழுத முடியவில்லை.

உன் மகள்,
எழிலரசி


கோபிசெட்டிபாளையம்
30 ஜனவரி 1997

என் கண்ணு எழிலுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் வந்த அன்று மாமா தறிப்பட்டறையிலிருந்து வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதாதே என்று சொல்ல மனம் வரவில்லை.

தம்பியை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறான். கோயிலில் வேட்டுப் போட்டால் மட்டும் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்கிறான்.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நீயும் பெரியவளாகிவிட்டாய். அந்த ஆயுத பூசையை நான் நினைக்காத நாளில்லை. அப்பா ரேஞ்சிலிருந்து வந்ததே தாமதம். "நல்ல நேரம் முடியப் போகுதுங்க, கையில இருக்கறத அப்படியே கொண்டாந்து வைங்க. உங்க பிரெஞ்சு ஏட்டய்யாவுக்கும் ஒரு பொட்டு வெச்சுருவோம்" என்று கேலி பேசியது நான்தான். அவர் குண்டுப் பெட்டியைக் கழற்றிக் காலி செய்தார். பூசைக்கு வைக்கிற சாமான் மூளியாக இருக்கக்கூடாது என்று திரும்ப மாட்டியும் வைத்தார். குழாய்க்குள் ஒன்று தங்கியிருந்ததைப் பார்க்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அன்றைக்கே பிரித்துத் துடைத்திருப்பார், தெரிந்திருக்கும். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாதே, அதனால் தொடவில்லை.

மறுநாள் துடைக்கும்போது அவர் கையில் வெடித்தது. தம்பி தலைக்கு ஒரு சாண் மேலே போனது. அந்த ஒரு சாணைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் கிளம்பி வந்தேன்.

இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது. கைத்தவறு யாருக்கும் வரும். அவர் யார்மேலும் பழி போடாமல் "என் தப்புதான்" என்று நின்றார். மாமாகூட நேற்று, "தப்ப ஒத்துக்கற ஆம்பளைய நம்ம சனத்துல எங்க பாத்திருக்கற நீயி? பேசாம போயிச் சேரு" என்றார். பார்க்கலாம். நீ பயப்படாமல் படி.

அம்மா,
வசந்தாமணி


இர்விங்
16 பிப்ரவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பர்வின் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். நீ வரக்கூடும் என்று படித்ததும் அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கேட்காதே.

போன சனிக்கிழமை சேக் தாவூத் அங்கிள் வந்தார். "சபரி, பூட்டியே வச்சிருந்தா துருப் புடிச்சுரும்யா. எனக்காவது ரெண்டு குடு" என்றார். அப்பா அலமாரியைத் திறந்தார். நீ போன பிறகு அன்றுதான் முதல் தடவை. ஒவ்வொன்றையும் எடுத்து, திறந்து, உள்ளே பார்த்து, விரலும் விட்டுப் பார்த்து, பிறகு மறுபடியும் பார்த்துத்தான் மேசைமேல் வைத்தார். ஒரு பிஸ்டலுக்கு அத்தனை நேரம் ஆனது.

பிறகு பழைய அப்பா மாதிரி கொஞ்சம் பேசினார். "வெளிய பாருங்க பாய், உறையில உரசி உரசி நீலமே போயிருச்சு. குழாய்க்குள்ள பாருங்க, புதுசு கணக்கா மின்னுது. இருவது வருசம் இடுப்புல சொமந்திருக்கான் அந்த ஏட்டு. சுட்டதே கெடையாது."

அங்கிள் விளையாட்டாகத்தான் சொன்னார். "அப்ப உன் வீட்டுக்கு வந்துதான் சுடக் கத்துக்கிச்சாக்கும்?"

அப்பாவும் சிரித்தார். "ஆமா பாய். எங்கையாலதான்."

அப்போது அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அம்மிணி, தண்ணிய மூடு சாமி" என்று கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவர் உன்னிடம் "என் தப்புதான்" என்று சொல்லும்போது நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், அம்மா.

எழில்


கோபிசெட்டிபாளையம்
6 மார்ச் 1997

எழில் கண்ணுக்கு,

இது அவசரக் கடிதம், சின்னதாகத்தான் இருக்கும். மே நாலாம் தேதிக்கு எனக்கும் தம்பிக்கும் டிக்கெட் போட்டாயிற்று. அடுத்த வார ஞாயிறு நானே அப்பாவிடம் போனில் சொல்கிறேன். அதுவரை உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

இந்த நாலு மாதத்தில் உன் அப்பாவைப் பற்றி நிறைய யோசித்தேன். சமாதானம் சொல்லி நழுவியிருந்தால் நான் வரவே மாட்டேன். பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன். அவருக்குப் பிடித்த இனிப்புக் கச்சாயமும் சுட்டு எடுத்து வருகிறேன். தம்பி தன் சைக்கிள் அங்கேயே இருக்கிறதா என்று கேட்கச் சொன்னான்.

அம்மா


இர்விங்
23 மார்ச் 1997

அம்மா,

நீ வருகிறாய் என்று தெரிந்ததும் அப்பா வீட்டையே கழுவிவிட்டார். சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார்.

அன்றைக்குச் சுட்டது அப்பா இல்லை. நான்.

நீ பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். தம்பி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா பால்கனியில் ஆபீஸ் போன் பேசிக்கொண்டிருந்தார். பூசை அலமாரியில் அந்தப் பிஸ்டல் இருந்தது. நீ வைத்த சந்தனம் காய்ந்து, அதில் வெட்டியிருந்த எழுத்துக்களுக்குள் இறங்கியிருந்தது. அப்பாவுக்கு அந்த எழுத்துக்கள்மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்கே தெரியும். அவர் வருவதற்குள் துடைத்துவைத்தால் சந்தோஷப்படுவார் என்று பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்துத் துடைத்தேன்.

எடுத்தவுடன் திறந்து பார்க்க வேண்டும். ரேஞ்சில் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க சரஸ்வதிக்கு முன்னால் இருந்ததில் குண்டு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா துடைத்து முடித்ததும் ஒரு தடவை வெறுமனே அழுத்தி அந்த டிக் சத்தத்தைக் கேட்பது எப்போதும் என் வேலை. அதையும் செய்தேன். குண்டு சுவரைத் துளைத்துத் தம்பி அறைக்குள் போய்விட்டது.

அப்பா ஓடிவந்தார். முதலில் தம்பியைத் தூக்கி உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து அதை வாங்கினார். என் விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. "அம்மிணி, இங்க பாரு. நான் தொடச்சுட்டு இருந்தேன். நீ ரூம்ல படிச்சுட்டு இருந்த. அவ்வளவுதான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். "உங்கம்மா உன் மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் இது நெனப்பு வரக்கூடாது" என்றும் சொன்னார்.

நீ அவரிடம் அன்று பேசியதையெல்லாம் நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். நீ சூட்கேஸ் எடுத்தபோதும் சொல்லவில்லை.

அப்பா தப்பே செய்யாதவர், அம்மா. அது தெரிந்துவிட்டால் உனக்கு அவர்மேல் மிச்சம் இருக்கும் கோபமும் போய்விடும். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

எழில்


கோபிசெட்டிபாளையம்
10 ஏப்ரல் 1997

எழிலுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும். உனக்குப் பதிமூன்று வயது. உன்னைத் திட்ட என்ன இருக்கிறது.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்.

நீ நல்லதென்று நினைத்து எழுதினாய். எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது. அவர் கையில் வெடித்தால் அது அவருடைய கைத்தவறு. என் மகள் கையில் வெடித்தது என்றால், குண்டு இருக்கிற பிஸ்டலை நீ எட்டி எடுக்கிற இடத்தில் அவர் விட்டிருந்தார் என்று அர்த்தம். நான் அவரை அவசரப்படுத்தினேன், அந்த அளவுக்கு என் தப்பும் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பிறகு அவர் செய்தது? நடுங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குப் பொய் சொல்லிக்கொடுத்தார். இத்தனை மாதம் நீ தனியே அதை வைத்துக்கொண்டு க்ளாசெட்டுக்குள் ஒளிந்து எழுதியிருக்கிறாய். எதிரில் உட்கார்ந்திருக்கிற அவருக்கு அது தெரியவில்லை.

தப்பை ஒத்துக்கொண்ட மனுசன் என்றுதான் நான் மனம் இறங்கினேன். அப்படி ஒரு மனுசனே இல்லை என்று இப்போது தெரிகிறது. ஞாயிறுதோறும் அத்தனை தெளிவாக என்னிடம் பேசினாரே.

நீ இங்கே வந்துவிடு. ஜூனில் பள்ளி திறக்கிறது. மாமா இடம் சொல்லி வைத்திருக்கிறார். நீ மட்டும் வந்தால் போதும்.

அம்மா


இர்விங்
27 ஏப்ரல் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நான் உனக்கு எழுதியதையும் சொல்லிவிட்டேன். அவர் நின்றுகொண்டே படித்தார். "உங்கம்மா எழுதுனதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார். கடிதத்தை மடித்துக்கொண்டே, "எப்ப எழுதுன இதெல்லாம்?" என்று கேட்டார்.

"நீங்க தூங்குனப்பறம். க்ளாசெட்டுக்குள்ள."

"அந்த வெளிச்சத்துலயா? கண்ணு கெட்டுப் போயிருமே சாமி" என்றார். அவ்வளவுதான் என்னைக் கேட்டது.

மறுநாள் மிச்சம் இருந்த எல்லாவற்றையும் சேக் தாவூத் அங்கிளிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு புது சூட்கேஸும் வாங்கி வந்தார். "ஜூன்ல கெளம்பு அம்மிணி. அம்மாகிட்ட இருந்தாத்தான் நல்லது" என்கிறார். அந்தச் சூட்கேஸைத் திறந்து ஒவ்வொரு ஜிப்பாக இழுத்துப் பார்க்கிறார்.

நான் வரவில்லை, அம்மா.

உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு நல்லது என்றுதான் எழுதினேன் என்று நினைத்திருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. எனக்குத் தாங்க முடியாததால்தான் எழுதினேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். நீயும் அடுத்த வாரம் இங்கே வந்திருப்பாய். தினமும் அதைத்தான் நினைக்கிறேன்.

பொய் சொல்லச் சொன்னது அப்பா. சொன்னது நான். பிஸ்டலை அங்கே வைத்தது அவர், பார்க்காமல் அழுத்தியது நான். உனக்கு என்மேல் கோபம் இல்லை என்கிறாய். அவரை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு வர முடியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து மன்னிக்க முடிகிறபோது சொல். அவசரமில்லை. தம்பியிடம் சைக்கிள் இருக்கிறது என்று சொல்.

எழிலரசி


காப்பெல், டெக்சாஸ்
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் வீடு மாறிவிட்டோம். புது முகவரியை உறையின் பின்பக்கம் முழுதாக எழுதியிருக்கிறேன். இனி பர்வின் பெயருக்கு வேண்டாம். பழைய வீட்டுக்கு ஏதாவது அனுப்பியிருந்தாயா? பர்வினிடம் வாராவாரம் கேட்கிறேன், ஒன்றும் வரவில்லை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மாமாதான் எடுக்கிறார். நீ கோயிலுக்குப் போயிருக்கிறாய் என்கிறார். தம்பி மட்டும் பேசுகிறான். அவனுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டதாமே.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிட்டது. இங்கே எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இந்த வீட்டில் மூன்று அறைகள். ஒன்றை அப்பா காலியாகவே விட்டிருக்கிறார்.

தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. அப்பா வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் வராமல் நேரே அங்கே போகிறார். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். உள்ளே கையை விட்டு ஒரு தடவை துழாவுகிறார். கடை விளம்பரத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறார்.

உன் மகள்,
எழிலரசி