சீட்டுக்கு அடியில் அம்மா வைத்த பொரி

என் பிரியமான அண்ணாவுக்கு,

உன் வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத மழைக்காலம் முழுக்க அது மாட்டுக்கொட்டகையில் சும்மா நின்றது. எலப்புள்ளியில் எனக்கு வேலை கிடைத்ததும் துடைத்து எடுத்தேன். நம் வடகரப்பதியிலிருந்து என் வேலை நேரத்துக்கு பஸ் இல்லை என்பது உனக்குத் தெரியாதா?

போன மாதம் அது எரியப் பார்த்தது. பின்னால் அம்மா இருந்தாள். பிளாஸ்டிக் கருகும் வாசம், பிறகு சீட்டு ஓரத்தில் புகை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, அம்மாவை இறக்கித் தூரமாக நிற்க வைத்தேன். புகை மெல்ல அடங்கியது. பெட்ரோல் டேங்க் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

"அவன் போனது பத்தாதா? இத இரும்புக்குப் போட்டுரு. வேலையும் வேண்டா, ஒண்ணும் வேண்டா" என்றாள் அம்மா. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

பட்டறைக்காரர் சீட்டைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. ஆயுத பூஜையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குக் காவலாக அம்மா சீட்டுக்கு அடியில் ஒரு பிடி பொரி வைத்திருக்கிறாள். "சோறும் போட்டு, படுக்க எடமும் குடுத்தா எலி சும்மா இருக்குமாங்க அம்மிணி?" என்றார் அவர். எலி கடித்து ஒயர்களின் தோல் போயிருந்தது.

சிரிக்காதே, அடுத்தது உன் முறை. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி.

"ஆருங்க இதக் கட்டுனது?"

"எங்க அண்ணன்."

"நானும் கட்டியிருக்கேன். ராத்திரி ரோட்டுல காட்டுப் பன்னிக்குப் பயந்து ரெண்டு லைட்டு சேத்து மாட்டுவோம், பியூஸ் போய்ட்டே இருக்கும், கடுப்புல கம்பியச் சுத்திருவோம்."

வழியில் கம்பியைச் சுற்றிவிட்டு, ஊருக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாயா, அண்ணா?

கருகிய ஒயரை மாற்றினார். லைட்டுகளுக்குத் தனி லைனும் தனி பியூஸும் போட்டார். ஹேண்டில் திரும்பும் இடத்தில் உரசாமல் ஒயருக்கு உறை மாட்டினார். அம்மா மட்டும் நம்பவில்லை. பட்டறைக்கே வந்து நின்றாள். அவர் ஒரு ஒயரை வேண்டுமென்றே வண்டியின் இரும்பில் தொட்டுக் காட்டினார். டப்பென்று சின்னச் சத்தம். லைட்டு அணைந்தது. புகை இல்லை.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதானுங்க. பியூஸ் போயிருச்சு, ஒயருக்கு ஒண்ணுமில்ல."

அம்மா அந்தச் சின்ன பியூஸை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "இதுல நாலஞ்சு வாங்கி வெச்சுக்கோ" என்றாள். கிளம்பும்போது நான் கூப்பிடாமலே பின்னால் ஏறிக்கொண்டாள். பாதி வழியில் என் தோளைத் தட்டினாள்.

"ஏம்புள்ள, ஆனைகட்டிச் சித்தி ஊட்டுக்கு எப்பப் போலாம்?"

வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம், அண்ணா. பியூஸ் போனால், ஏன் போனது என்று பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டேன். அவசரம் என்றாலும் கம்பி சுற்ற மாட்டேன். அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன்.

உன் வண்டிக்கும் நம் அம்மாவுக்கும் பொறுப்பேற்றிருக்கும்
உன் தங்கை